பிளேட் வைத்த காறை எலும்போடு மறுபடி எப்போது சைக்கிள் ஏறலாம்?

உங்கள் கேள்வியின் சாரம் இதுதான்: வயது 36, ஊர் கோவை. ஆனைகட்டி சாலையில் மழை ஈரத்தில் சறுக்கி விழுந்ததில் இடது காறை எலும்பு (கழுத்தடியிலிருந்து தோள் முனைவரை போகிற எலும்பு) நடுவில் உடைந்தது. பிளேட்டும் ஏழு ஸ்க்ரூவும் வைத்திருக்கிறார்கள். ஆபரேஷன் முடிந்து இன்றோடு நான்கு வாரம். ஸ்லிங்கைக் கழற்றியாயிற்று, வலி கிட்டத்தட்ட இல்லை. இன்னும் பதினோரு வாரத்தில் 200 கிலோமீட்டர் பிஆர்எம் (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நீண்டதூர சைக்கிள் ஓட்டம்), பணமும் கட்டியாயிற்று. ஹாலில் நிற்கிற சைக்கிளைத் தாண்டி நடக்கவே முடியவில்லை. எப்போது ஏறலாம்?

வீட்டுக்குள் டிரெய்னரில் (சைக்கிளை நகராமல் மாட்டி மிதிக்கிற கருவி) என்றால், உங்கள் டாக்டர் தலையசைத்தால் இந்த வாரமே ஏறலாம். சாலையில் என்றால், எலும்பு கூடிவருகிறது என்று எக்ஸ்ரேயில் தெரிந்து டாக்டர் வாயால் சொன்ன பிறகுதான். உங்கள் வயதில் பெரும்பாலும் அது எட்டிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் வரும், சிலருக்கு இன்னும் தள்ளிப்போகும். அந்தப் பிஆர்எம்-க்கு இந்த முறை ஓட்டப் போகாதீர்கள். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். இருபது வருடமாக இதே வேலை. அதற்கும் முன்னாலிருந்தே சைக்கிள் ஓட்டுகிறேன். இதே எலும்பு, இதே இடது பக்கம், எனக்கும் உடைந்து பிளேட் வைத்தார்கள். அதனால் புத்தகத்தில் இருப்பதையும் சொல்கிறேன், படுக்கையில் கிடந்து தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

முதலில் வலி விஷயம். வலி போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஏன் போனது என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். கையை உடம்போடு சேர்க்கிற ஒரே எலும்பு இணைப்பு காறை எலும்புதான். உடைந்ததும் கழுத்துத் தசை உள்பக்கத் துண்டை மேலே இழுக்கிறது. கையின் எடை வெளிப்பக்கத் துண்டைக் கீழே இழுக்கிறது. மூச்சு விட்டாலே இரண்டு முனையும் உரசும். முதல் நாள் இரவு நீங்கள் பட்ட பாடு அதுதான். பிளேட் வைத்ததும் உரசல் நின்றுவிட்டது. உரசல் நின்றால் வலியும் நிற்கும். ஆக, வலியை நிறுத்தியது உலோகம். எலும்பு இன்னும் கூடவில்லை.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2007ல் கனடாவின் எலும்பு முறிவு மருத்துவர்கள் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நடுக் காறை எலும்பு விலகி உடைந்த 132 பேர். பாதிப் பேருக்குப் பிளேட், மீதிப் பேருக்கு ஸ்லிங் மட்டும். எக்ஸ்ரேயில் எலும்பு கூடியதாகத் தெரிய, பிளேட் வைத்தவர்களுக்குச் சராசரியாக 16.4 வாரம் ஆனது. ஸ்லிங் மட்டும் போட்டவர்களுக்கு 28.4 வாரம். பிளேட் வைத்தது நல்ல முடிவு என்பதற்கு இந்த ஆய்வை எல்லாரும் காட்டுவார்கள். நான் என்னிடம் வருகிறவர்களுக்கு அந்தப் பதினாறைத்தான் காட்டுவேன். வலி மூன்றாவது வாரம் போகிறது, எலும்பு படத்தில் முழுக்கக் கூடித் தெரிய நாலு மாதம் போல ஆகலாம். நடுவில் இருக்கிற இந்தக் காலம்தான் ஆபத்தானது. உடம்பு "சரியாகிவிட்டது" என்று சொல்லும், ஆசையும் அதையே சொல்லும்.

கட்டடம் கட்டும் இடத்தில் கம்பி கட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கட்டுக்கம்பியை வெட்ட ஆயுதம் கையில் இல்லையென்றால் முன்னும் பின்னும் நாலு தடவை வளைப்பார்கள், அந்த இடத்தில் முறிந்துவிடும். ஒரே இழுப்பில் அறுக்க முடியாத கம்பி அது. பிளேட்டுக்கும் அதே விதிதான். எலும்பு கூடும்வரை ஒவ்வொரு அசைவையும் உலோகம் தாங்குகிறது. ஒவ்வொரு குழியும், ஒவ்வொரு வேகத்தடையும் அதை ஒரு சின்ன அளவு வளைத்து விடுகிறது. எலும்பு முந்திக்கொண்டு கூடிவிட்டால் பாரம் எலும்புக்குப் போய்விடும், பிளேட் சும்மா இருக்கும். பிளேட்டை முதலில் களைக்க வைத்தால் ஸ்க்ரூ தளரும், இல்லை பிளேட்டே வளையும்.

சாலையில் ஓட்டும்போது தோளுக்கு என்ன நடக்கிறது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சமதளத்தில் சும்மா மிதித்துப் போவது பெரிய விஷயமே இல்லை. பிரேக் பிடித்தால் உடம்பு மொத்தமும் முன்னால் வந்து இரண்டு கையிலும் விழும். இறக்கத்தில் அது நிமிடக்கணக்கில் நடக்கும். பின்னால் லாரி வருகிறதா என்று திரும்பிப் பார்க்கும்போது ஒரு கைதான் தாங்கும். எல்லாவற்றுக்கும் மேல் விழுவது. சைக்கிளிலிருந்து பக்கவாட்டில் விழுகிறவர் பெரும்பாலும் தோள் முனையில்தான் விழுவார். அந்த அடி நேராகக் காறை எலும்புக்குப் போகும். எலும்பு கூடாத நிலையில் அப்படி விழுந்தால் பிளேட் வளையலாம். இன்னொன்றும் நடக்கும்: பிளேட் முடிகிற இடத்தில், கெட்டியான பகுதியும் சாதாரண எலும்பும் சந்திக்கிற அந்த முனையில், புதிதாக உடையும். இரண்டாவது ஆபரேஷன் முதலாவதைப் போல இருக்காது. பழைய ஸ்க்ரூ ஓட்டைகள் இருக்கும், சில சமயம் இடுப்பெலும்பிலிருந்து எலும்பு எடுத்து வைக்க வேண்டிவரும்.

நான் செய்த தவறைச் சொல்கிறேன். ஐந்தாவது வாரம். உங்களைப் போலவே வலி இல்லை. விடிகாலை ஐந்தே காலுக்கு முழிப்பு வந்துவிட்டது, அது பழக்கம். வீட்டில் எல்லாரும் தூங்குகிறார்கள். டீக்கடை வரை போய்விட்டு வந்துவிடலாம் என்று சைக்கிளை எடுத்தேன். போக இரண்டு கிலோமீட்டர், வர இரண்டு. போகும்போது ஒன்றும் இல்லை. காற்று முகத்தில் பட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, உண்மையாகவே. திரும்பும்போது ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது. இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். விழவில்லை. ஆனால் இடது தோளுக்குள் "டக்" என்று ஒன்று நகர்ந்தது தெரிந்தது. வீட்டுக்கு இறங்கி நடந்தே வந்தேன். அடுத்த எக்ஸ்ரேயில் வெளி ஓரத்து ஸ்க்ரூ ஒன்று சற்றே பின்வாங்கியிருந்தது. டாக்டர் திட்டவில்லை. படத்தை வெளிச்சத்தில் காட்டி, பேனாவால் அந்த ஸ்க்ரூவின் தலையைத் தொட்டுக் காட்டினார், அவ்வளவுதான். மறுபடி நான்கு வாரம் ஸ்லிங். நாலு கிலோமீட்டருக்கு நாலு வாரம் கொடுத்தேன். இன்னொரு ஆபரேஷன் இல்லாமல் தப்பியது அதிர்ஷ்டம்.

பெரிய வீரர்கள் சீக்கிரம் திரும்புகிறார்களே என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்பார்கள். 2024 ஏப்ரல் 4 அன்று ஸ்பெயினின் பாஸ்க் நாட்டுப் பந்தயத்தின் ஓர் இறக்கத்தில் டென்மார்க் சைக்கிள் வீரர் யோனஸ் விங்கெகோர் விழுந்தார். காறை எலும்பு, விலா எலும்புகள் உடைந்து, நுரையீரலிலும் அடி. பன்னிரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தார். ஜூன் 29 அன்று டூர் டி பிரான்ஸ் தொடக்கக் கோட்டில் நின்றார், பதினொன்றாவது கட்டத்தை வென்றார், மொத்தத்தில் இரண்டாவதாக வந்தார். நானும் அதைப் பார்த்து மலைத்தவன்தான். ஆனால் நாட்களை எண்ணுங்கள்: விழுந்ததிலிருந்து பந்தயத்துக்கு 86 நாள், அதாவது பன்னிரண்டு வாரத்துக்கு மேல். காலையிலிருந்து இரவு வரை குணமாவதையே வேலையாக வைத்திருந்த ஆள், பக்கத்திலேயே மருத்துவக் குழு, ஓட்டியது போக்குவரத்தை நிறுத்தி வைத்த சாலையில். நமக்கு லேப்டாப் பையும் வேகத்தடையும் எதிர்த்திசையில் வருகிற டூவீலரும் உண்டு. அவரை ஒப்பிட்டால் நாம் எக்ஸ்ரேக்காகக் காத்திருப்பதுதான் நியாயம்.

சரி, இப்போது என்ன செய்யலாம் என்பதற்கு வருவோம். செய்ய நிறைய இருக்கிறது.

உங்கள் கால்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. டிரெய்னர் இருந்தால் சைக்கிளை மாட்டுங்கள். பின்சக்கரத்தைப் பிடித்துக்கொள்கிற வகையோ, சக்கரத்தைக் கழற்றி மாட்டுகிற வகையோ, எதுவானாலும் சரி. ரோலர் மட்டும் வேண்டாம், அதில் சைக்கிளை எதுவும் பிடித்திருக்காது, சுழலும் உருளைகள் மேல் ஓட்டும்போது விழ வாய்ப்பு இருக்கிறது. முன்சக்கரத்துக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்து நாலு விரல் உயரம் ஏற்றுங்கள். உடம்பின் எடை பின்னால் சீட்டுக்குப் போகும், கைக்கு வராது. எனக்கு அதுவும் போதவில்லை. வீட்டிலிருந்த இஸ்திரி மேஜையை ஹேண்டில்பாருக்கு முன்னால் இழுத்துப் போட்டு, மேலே பெட்ஷீட்டை மடித்து வைத்து, வலது முழங்கையை அதில் ஊன்றிக்கொண்டேன். இடது கை மடியில். பார்க்க எப்படி இருந்தாலும் தோளில் ஒரு பாரமும் இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்தே ஓட்டுவதால் சீட்டில் சீக்கிரம் மரத்துப்போகும், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நல்ல கையை மட்டும் ஊன்றி எழுந்து நில்லுங்கள். எழுந்து நின்று ஹேண்டிலை இழுத்து மிதிக்கிற வேலை வேண்டவே வேண்டாம், அந்த இழுப்பு நேராகப் பிளேட்டுக்குப் போகும்.

முதல் வாரம் இருபது நிமிடம், பேசிக்கொண்டே மிதிக்கிற வேகத்தில். பெரிய மின்விசிறியை நேராக முகத்துக்கு வையுங்கள். முதல் நாள் இதயத்துடிப்பைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். பழைய வேகத்துக்கே துடிப்பு வழக்கத்தைவிடக் கூடுதலாகக் காட்டும். ஓட்டத்தை நிறுத்திய சில நாட்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா குறைய ஆரம்பித்துவிடும், அதனால் அதே வேலைக்கு இதயம் அதிகம் அடிக்க வேண்டியிருக்கிறது. முதலில் போகிற அதுவேதான் முதலில் திரும்பியும் வரும். இரண்டு வாரம் ஒழுங்காக மிதித்தால் வித்தியாசம் தெரியும். பல வருடம் ஓட்டிச் சேர்த்த தசை நாலு வாரத்தில் கரைந்துவிடாது. ஏறுவதற்கு முன் வலி மாத்திரை போடாதீர்கள். அது இருந்தால் தோள் சொல்வது உங்களுக்குக் கேட்காது.

டிரெய்னர் இல்லாதவர் என்றால் ஜிம்மில் இருக்கிற நிமிர்ந்து உட்காரும் சைக்கிள் போதும். அதுவும் இல்லையா, நடங்கள். மருதமலைப் படிக்கட்டு பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, கைப்பிடி இருக்கிற ஓரமாக, நல்ல கை கைப்பிடிப் பக்கம் வருகிற மாதிரி.

தோளுக்கான பயிற்சியை உங்கள் பிசியோ சொல்லியிருப்பார். அதை வலி இல்லை என்று கைவிடுகிறவர்கள்தான் அதிகம். குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் போல ஆட்டுவது, முழங்கையையும் மணிக்கட்டையும் மடக்கி நீட்டுவது, இரண்டு தோள்பட்டை எலும்பையும் பின்னால் ஒன்றோடொன்று சேர்ப்பது. ஆறு வாரம் வரை கையைத் தோள் மட்டத்துக்கு மேல் தூக்குவதை டாக்டர் அனுமதித்தால் மட்டும் செய்யுங்கள். அப்புறம் சுவரில் விரலால் ஏறுகிற பயிற்சி வரும். ஒவ்வொரு நாளும் விரல் தொட்ட உயரத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். என் வீட்டுச் சுவரில் அந்தக் கோடுகள் இன்னும் இருக்கின்றன, வெள்ளையடிக்க வந்தவரிடம் அந்த இடத்தை மட்டும் விடச் சொல்லிவிட்டேன். கையை முழுக்க அசைக்காமலே வைத்திருந்தால் தோள் இறுகிப்போகும். சர்க்கரை இருப்பவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். எலும்பு கூடியும் கை மேலே வராமல் ஒரு வருடம் அவதிப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தூக்காதீர்கள். தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், குழந்தை. குழந்தைதான் கஷ்டம், ஓடி வந்து கையை நீட்டும். உட்கார்ந்துகொண்டு மடிக்கு வரச் சொல்லுங்கள். இன்னொன்று, சைக்கிள்தானே கூடாது என்று ஸ்கூட்டரை எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். குழி அதே குழிதான், வண்டியின் எடையோ பல மடங்கு. ஸ்டாண்டிலிருந்து தள்ளும்போதும் சாயும்போதும் தாங்கப்போவது அதே தோள். காரில் முன்சீட்டில் உட்கார்ந்தால் நம் ஊரில் பெல்ட் இடது தோளின் மேல்தான் வரும். பெல்ட்டைக் கழற்றாதீர்கள், நடுவில் ஒரு மடித்த துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தழும்புக்குக் கீழே மார்பில் ஒரு கை அகலத்துக்கு மரத்திருக்கிறதா? கேள்வியில் நீங்கள் எழுதவில்லை, ஆனால் என்னிடம் வருகிற பாதிப் பேர் இரண்டாவது மாதத்தில் பயந்துபோய் இதைக் கேட்கிறார்கள். எலும்புக்குக் குறுக்கே போகிற மெல்லிய தோல் நரம்புகள் வெட்டும்போது பாதிக்கப்படுவதால் வருவது. கையின் பலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மாதங்கள் போகப் போக மரத்த இடம் சுருங்கும், சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் நிற்கும். பயப்பட வேண்டியது வேறு: தழும்பு சிவந்து சூடாவது, சீழ், காய்ச்சல், திடீரென்று புதிதாக ஒரு மேடு, அசைக்கும்போது உள்ளே சத்தம், விரல்கள் குளிர்ந்து நிறம் மாறுவது. இதில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எலும்பு கூட முதலில் புரதம் வேண்டும். உடம்பு எடை கிலோவுக்கு ஒன்றேகால் கிராமிலிருந்து ஒன்றரை கிராம் வரை தினமும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுபது கிலோ ஆளுக்குக் கிட்டத்தட்ட 90 முதல் 105 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான் இருக்கிறது, நம் வீட்டு இட்லி சாம்பாரில் அது நிரம்பாது. முட்டை, மீன், கோழி, பருப்பு, தயிர், சுண்டல் என்று வேளைக்கு வேளை யோசித்துச் சேர்க்க வேண்டும். கேழ்வரகு நல்லது, 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். பிரண்டைத் துவையல் பாட்டி அரைத்துக் கொடுத்தால் தாராளமாகச் சாப்பிடுங்கள். பிரண்டையை மாத்திரையாக எடுப்பதென்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். வைட்டமின் டி ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், வெயில் ஊரில் இருந்துகொண்டும் நம்மில் பலருக்கு அது குறைவு. எண்ணெய் போட்டு உருவி விடுகிறேன் என்று யார் வந்தாலும் பிளேட் இருக்கிற இடத்தில் கை வைக்க விடாதீர்கள். சிகரெட் பழக்கம் இருந்தால் அதை இன்றே நிறுத்துங்கள். எலும்பு கூடாமல் போவதற்கு நம் கையில் இருக்கிற காரணங்களில் முதலாவது அதுதான்.

இனி ஏக்கம். கேள்வியில் நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போனது. எனக்கு முழுக் கேள்வியும் அந்த ஹாலில் நிற்கிற சைக்கிள்தான் என்று படுகிறது.

ஓட்டாதவர்களிடம் இதைச் சொன்னால் "ரெண்டு மாசம்தானே" என்பார்கள். காலை நாலரைக்கு அலாரம் வைக்காமலே முழிப்பு வரும். வாட்ஸ்அப் குழுவில் யாரோ தடாகம் ரோட்டில் மலைமேல் மேகம் இறங்கியிருக்கிற படத்தைப் போடுவார்கள். மணிக்கட்டில் கிளவுஸ் போட்ட இடத்துக்கும் போடாத இடத்துக்கும் இருந்த நிற வித்தியாசம் மங்கிக்கொண்டே வரும், அதைப் பார்க்கவே பொறுக்காது. நான் அந்தக் குழுவை ஒரு வாரம் மியூட் செய்து வைத்தேன், அப்புறம் தாங்காமல் திறந்தேன். பொறாமையும் வரும். அது தப்பு இல்லை, நீங்கள் எதை நேசிக்கிறீர்களோ அது உங்களிடம் இல்லாமல் இருக்கிறது. அதை அடக்கப் பார்க்காமல், அந்த ஆசைக்குக் கையில் ஏதாவது வேலை கொடுங்கள்.

எனக்கு உதவியது சைக்கிளைத் தொடுவது. ஓட்ட முடியாது, ஆனால் தொடலாம். செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு பழைய பிரஷ்ஷால் ஒவ்வொரு கண்ணியாகத் தேய்த்தேன். ஒரு கையால் செய்தால் அரை மணி நேர வேலை ஒரு காலை முழுக்க ஓடும். இதில் அவசியமான வேலையும் இருக்கிறது. விழுந்த சைக்கிளை முழுக்கப் பரிசோதிக்க வேண்டும். ஹேண்டில்பார் வளைந்திருக்கிறதா, முன் ஃபோர்க்கில் விரிசல் உண்டா, பிரேக் லீவர் திரும்பியிருக்கிறதா, டயரின் பக்கச்சுவர் கிழிந்திருக்கிறதா. கார்பன் என்றால் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், வெளியே கீறல் மாதிரி தெரிவது உள்ளே விரிசலாக இருக்கலாம். ஹெல்மெட்டைத் தூக்கிப் போடுங்கள். உள்ளே இருப்பது தெர்மாகோல் மாதிரியான பொருள், அது ஒரு முறை நசுங்கி உங்கள் தலையைக் காப்பாற்றிவிட்டது. வெளியே நன்றாகத் தெரிந்தாலும் அடுத்த முறை காப்பாற்றாது.

எங்கள் வீட்டில் அந்தப் பழைய ஹெல்மெட்டை நான் குப்பையில் போடப் போனபோது அம்மா வாங்கிப் பார்த்தார். இடது பக்கம் ஓடு பிளந்திருந்த இடத்தில் விரலை வைத்து மெதுவாக ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவினார். ஒன்றும் சொல்லவில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டார். விழுந்தது நான், ஆனால் காலை ஆறரை மணிக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது அவர்களுக்கு. உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் அந்தப் போனை எடுத்திருப்பார். நீங்கள் மறுபடி சாலைக்குப் போகும் நாளை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், எக்ஸ்ரே படத்தைக் காட்டுங்கள், எந்தச் சாலை, எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று சொல்லுங்கள். நான் விடிகாலையில் திருட்டுத்தனமாகப் போனதில் எலும்பைவிட அதிகமாக நோகடித்தது அவர்களைத்தான். அதைச் சரிசெய்ய ஸ்க்ரூவைவிட அதிக நாள் ஆனது.

டாக்டர் சரி என்று சொன்ன பிறகும் நான் சில விஷயங்களைப் பார்ப்பேன். சுவரில் கை ஊன்றி தண்டால் மாதிரி பத்து முறை வலியில்லாமல் போய் வர முடிகிறதா. தரையில் முட்டிபோட்டுக் கைகளை ஊன்றி, நல்ல கையை அரை நிமிடம் தூக்கி, எடை முழுக்க இடது கையில் நிற்க முடிகிறதா. அந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்க முடிகிறதா. டிரெய்னரில் உட்கார்ந்து பிரேக்கைக் கெட்டியாகப் பிடித்தபடி வலப்பக்கமாகத் திரும்பிப் பின்னால் பார்க்க முடிகிறதா. இவை நாலும் முடிந்தால்தான் என்னிடம் வருகிறவர்களை வெளியே அனுப்புவேன்.

முதல் ஓட்டத்துக்கு ரேஸ்கோர்ஸ் நல்ல இடம். ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர், எந்த இடத்தில் வேண்டுமானாலும் இறங்கி நடந்துவிடலாம். ஞாயிறு விடிகாலை, தரை காய்ந்திருக்கிற நாள், தனியாக அல்லது நிதானமான ஒரு நண்பரோடு. கூட்டமாக ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிப்போவது இப்போது வேண்டாம். டயர் 28 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் போடும் வசதி இருந்தால் போடுங்கள், காற்றை வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறையுங்கள், பாதி அதிர்வை அதுவே வாங்கிக்கொள்ளும். பெடலோடு பூட்டிக்கொள்கிற கிளிட் ஷூ வேண்டாம், சாதாரண பெடல் போதும், கால் சட்டென்று தரைக்கு வர வேண்டும். முதுகில் பை மாட்டாதீர்கள், அதன் வார் பிளேட்டின் மேலேயே உட்காரும். நாலு சுற்று, பத்து கிலோமீட்டர். இன்னும் ஓட்டலாம் போலத் தோன்றும்போதே நிறுத்திவிட்டு மறுநாள் தோள் என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

கை தன்னை அறியாமல் ஹேண்டிலை இறுகப் பிடிக்கும். தோள் காதுவரை ஏறும். அது பயம், எல்லாருக்கும் வரும். மூச்சை வெளியே விடும்போது முழங்கையைக் கொஞ்சம் மடக்குங்கள், தோள் இறங்கும். விழுந்த அந்த ஆனைகட்டி வளைவுக்கு ஒரு நாள் சைக்கிள் இல்லாமல் போங்கள். நண்பரின் காரில் போய் இறங்கி நடந்து பாருங்கள். எங்கே ஈரம், எங்கே மண், எந்த இடத்தில் பிரேக் பிடித்தீர்கள் என்று பார்த்தால் மனசுக்குள் இருக்கிற பெரிய வளைவு சாதாரண வளைவாகிவிடும். இறக்கங்களை மட்டும் கடைசிக்கு வையுங்கள். நான் ஆறாவது மாதம்தான் இறங்கினேன்.

பிளேட்டை எடுக்க வேண்டுமா என்பதற்கு இப்போதே முடிவு வேண்டாம். தொந்தரவு இல்லையென்றால் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். எடுப்பதென்றால் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குப் பிறகுதான். எடுத்த பிறகு ஸ்க்ரூ இருந்த ஓட்டைகள் நிரம்பும்வரை எலும்பு மறுபடி பலவீனமாக இருக்கும், சில வாரம் திரும்பவும் சாலைக்கு விடுமுறை.

கடைசியாகப் பிஆர்எம். அது உங்களுக்குப் பதினைந்தாவது வாரம். எலும்பு கூடியிருக்கலாம். ஆனால் 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும், அதற்குத் தேவையான நீள ஓட்டங்களைப் பன்னிரண்டாவது வாரத்திலிருந்து பதினைந்துக்குள் திணித்தால் ஒவ்வொரு முடிவையும் அந்தத் தேதிதான் எடுக்கும். மழை பெய்தாலும் போவீர்கள், தோள் வலித்தாலும் போவீர்கள். கட்டிய பணத்தை மறந்துவிடுங்கள். நடத்துகிறவர்களுக்கு எழுதி, ஒரு கண்ட்ரோலில் (வழியில் ஓட்டுகிறவர்களின் நேரத்தைக் குறிக்கிற இடம்) உட்கார ஆள் வேண்டுமா என்று கேளுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். என் முறை வந்தபோது நூறாவது கிலோமீட்டர் கண்ட்ரோலில் உட்கார்ந்தேன். வருகிறவர்களின் அட்டையில் நேரம் எழுதி முத்திரை குத்தி, வாழைப்பழமும் உப்புப் போட்ட மோரும் கொடுத்தேன். அட்டைகள் வியர்வையில் ஊறி வரும், மை பரவாமல் இருக்க ஒவ்வொன்றையும் துண்டால் ஒற்றிவிட்டுத்தான் முத்திரை குத்த வேண்டும். கடைசியாக வந்தவர் கெடு முடிய ஆறு நிமிடம் இருக்கும்போது வந்தார், ஐம்பத்தைந்து வயது இருக்கும். அட்டையை நீட்டிக்கொண்டே என் தழும்பைப் பார்த்தார். தன் ஜெர்சியின் கழுத்தை இழுத்து வலது பக்கத்தைக் காட்டினார். அங்கேயும் அதே நீளத்தில் ஒரு கோடு.

அடுத்த எக்ஸ்ரே ஆறாவது வாரமா எட்டாவது வாரமா என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள் தம்பி. படம் எடுத்ததும் டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: உடைந்த கோடு எவ்வளவு மறைந்திருக்கிறது, ஸ்க்ரூக்கள் போன படத்தில் இருந்த இடத்திலேயே இருக்கின்றனவா. அவர் சொன்னதை அப்படியே எழுதி அனுப்புங்கள். ரேஸ்கோர்ஸில் முதல் சுற்று என்றைக்கு என்று சேர்ந்து தேதி குறிப்போம். நானும் அன்று வருகிறேன்.